எல்என்ஜி டேங்க் வளாகத்தில் சின்ன வேலைக்கும் அனுமதி வேண்டுமா?

தக்கலைக்குப் பக்கத்தில் உணவு பதப்படுத்தும் ஆலை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டது: "கொதிகலனுக்கு ஃபர்னஸ் ஆயிலை விட்டுவிட்டு எல்என்ஜிக்கு (குளிரவைத்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு) மாறினோம். 20 கிலோலிட்டர் டேங்க், பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) உரிமம் எல்லாம் முறையாக இருக்கிறது. இப்போது நாலு வேலை பாக்கி. மழைக்காலத்தில் வேப்பரைசர் (திரவத்தைச் சூடாக்கி வாயுவாக்கும் கருவி) ஐஸ் கட்டி கேஸ் அழுத்தம் இறங்கிவிடுகிறது, அதனால் இன்னொரு வேப்பரைசர் வேண்டும். டேங்கர் திரும்ப இடம் போதவில்லை, மேற்கே புதிதாக வாங்கிய 12 சென்டுக்கு அன்லோடிங் பாயிண்டை மாற்ற வேண்டும். கசிகிற இரண்டு வால்வுகளை மாற்ற வேண்டும். டேங்குக்கு மேல் ஒரு தகர ஷெட் போட வேண்டும். அமெரிக்காவில் எல்என்ஜி ஆலைகளில் நடக்கும் வேலைகளுக்கு மொத்தமாக ஒரே அனுமதி கொடுக்கப் போகிறார்கள் என்று படித்தேன். இங்கே சிங்கிள் விண்டோ வந்த பிறகும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அலைய வேண்டுமா? 'சின்னச் செலவுதானே, முதலில் செய்துவிடுங்கள், லைசென்ஸ் புதுப்பிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார் எங்களுக்கு ஆலோசனை சொல்பவர்."

முதலில் அந்த ஆலோசனையைத் தூக்கி ஓரமாக வையுங்கள். 2016-ஆம் ஆண்டின் நிலையான மற்றும் நகரும் அழுத்தக் கலன்கள் விதிகளின்படி, உரிமம் பெற்ற வளாகத்தில் மாற்றம் செய்வதற்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும். வேலையை முடித்துவிட்டு வரைபடத்தை மாற்றி வரைந்து நீட்டினால், இதுவரை முறையாக இருந்த உங்கள் உரிமம் அன்றைக்கே சிக்கலில் மாட்டும். நடுவில் ஏதாவது விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது ஒப்புதல் பெற்ற வரைபடத்தைத்தான், தரையில் இருப்பதும் தாளில் இருப்பதும் வேறு வேறாக இருந்தால் அப்புறம் பேச ஒன்றுமில்லை.

ஆனால் உங்கள் எரிச்சல் நியாயமானது. நாலு வேலைக்கும் ஒரே அளவு தாள் வேலை என்றால் அது முட்டாள்தனம்தான், நல்லவேளையாக அப்படி இல்லை. நீங்கள் படித்த அமெரிக்கச் செய்தியை வைத்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் 'எது சின்ன வேலை' என்ற கேள்வி அங்கேயும் இதே மாதிரிதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அங்கே கரையில் அமையும் எல்என்ஜி முனையங்களுக்கு இடமும் கட்டுமானமும் அனுமதிப்பது ஃபெர்க் என்கிற கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம். எரிவாயுவை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய எரிசக்தித் துறையின் அனுமதி தனி, ஆலையின் பாதுகாப்பு விதிகள் போக்குவரத்துத் துறையின் கீழ் இருக்கும் இன்னொரு அமைப்பு, கப்பல் வரும் நீர்வழிக்குக் கடலோரக் காவல் படை. ஆக அங்கேயும் ஒரே ஜன்னல் கிடையாது. குழாய்த்தடம் நடத்தும் நிறுவனங்களுக்கு மட்டும் 1982-இலிருந்து ஒரு வசதி உண்டு. ஒரு தடவை பொது அனுமதி வாங்கிவிட்டால், குறிப்பிட்ட வகை வேலைகளை ஒரு செலவு வரம்புக்குள் கேட்காமலே செய்துகொள்ளலாம், ஆண்டுக்கு ஒருமுறை கணக்குக் கொடுத்தால் போதும். அதைவிடப் பெரிய வேலை என்றால் முன்கூட்டி அறிவிப்பு கொடுத்து 60 நாள் காத்திருக்க வேண்டும், யாரும் எதிர்க்கவில்லை என்றால் அனுமதி கிடைத்த மாதிரி. எல்என்ஜி ஆலைகளுக்கு இந்த வசதி இல்லாமல் இருந்தது, அதே மாதிரி ஒன்றைக் கொண்டுவரலாமா என்று 2025-இல் ஃபெர்க் கருத்துக் கேட்க ஆரம்பித்தது. நீங்கள் படித்தது இதுவாகத்தான் இருக்கும்.

நல்ல யோசனைதான். எனக்கு அதில் ஒரே ஒரு உறுத்தல், செலவை அளவுகோலாக வைப்பது. எல்என்ஜியில் பணத்துக்கும் ஆபத்துக்கும் சம்பந்தமே இல்லை. 2022 ஜூன் 8 அன்று டெக்சாஸில் ஃப்ரீபோர்ட் எல்என்ஜி ஆலையில் வெடித்த சம்பவத்தைப் பாருங்கள். ஒரு பாதுகாப்பு வால்வைச் சோதித்தார்கள், சோதனை முடிந்ததும் அதற்கு முன்னால் இருக்கும் அடைப்பு வால்வைத் திறக்காமல் விட்டுவிட்டார்கள். இரண்டு மூடிய வால்வுகளுக்கு நடுவே குழாயில் திரவம் சிக்கிக்கொண்டது, வெளிச்சூட்டில் மெல்ல மெல்லச் சூடாகி விரிந்தது, வெளியேற வழியில்லை, குழாய் கிழிந்தது. யாருக்கும் காயம் இல்லை என்பது அதிர்ஷ்டம். அவ்வளவு பெரிய ஏற்றுமதி ஆலை 2023 பிப்ரவரி வாக்கில்தான் மறுபடி கப்பல் ஏற்ற ஆரம்பித்தது. அந்தச் சோதனைக்கு எந்த அரசாங்க அனுமதியும் தேவையில்லை, செலவும் சொற்பம்.

அதனால் உங்கள் நாலு வேலைகளை நான் ரூபாயை வைத்துப் பிரிக்க மாட்டேன். திரவம் சிக்கக்கூடிய புது இடம் உருவாகிறதா, அழுத்தம் வெளியேறும் வழி மாறுகிறதா, பாதுகாப்பு இடைவெளி மாறுகிறதா, மொத்தக் கொள்ளளவு மாறுகிறதா என்று நாலு கேள்வி கேளுங்கள். நாலுக்கும் 'இல்லை' என்றால் அது பராமரிப்பு. ஒன்றுக்கு 'ஆமாம்' வந்தாலும் ஒப்புதல் வாங்காமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது.

வால்வு மாற்றுவது இதில் லேசானது. அதே அளவு, அதே அழுத்த வகை, அதே உலோகம், அதே இடம் என்றால் அது பராமரிப்புதான், உங்கள் பதிவேட்டில் எழுதி, தயாரிப்பாளரின் சோதனைச் சான்றிதழைக் கோப்பில் வைத்தால் போதும். 'அதே உலோகம்' என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எல்என்ஜி மைனஸ் 162 டிகிரியில் இருக்கிறது. அந்தக் குளிரில் சாதாரண கார்பன் ஸ்டீல் கண்ணாடி மாதிரி நொறுங்கும். 1944-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நிக்கல் குறைவான எஃகால் செய்த எல்என்ஜி டேங்க் உடைந்து ஏறக்குறைய 130 பேர் இறந்தார்கள். நாகர்கோவில் கடையில் ஸ்டாக் இருக்கிறதே என்று கிடைத்ததை மாட்டாதீர்கள். கசிவது டேங்க்கின் பாதுகாப்பு வால்வு என்றால் கதை வேறு. அவற்றை ஆண்டுக்கு ஒருமுறை தகுதிபெற்ற நபரை வைத்துச் சோதிப்பது கட்டாயம். பெரும்பாலான டேங்குகளில் இரண்டு ஜோடி வால்வு, நடுவில் மூன்று வழித் திருப்பி இருக்கும், ஒரு ஜோடியைக் கழற்றும்போது மற்றது வேலை செய்துகொண்டே இருக்கும். திருப்பி எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை வேலைக்கு முன்னும் பின்னும் இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். ஃப்ரீபோர்ட்டில் தவறிப்போனது இந்த மாதிரி ஒரு சரிபார்ப்புதான். டேங்க்கின் மேலேயே வெல்டிங் தேவைப்படுகிற பழுது என்றால், அது எவ்வளவு சின்னதானாலும் பெசோ ஒப்புதல் இல்லாமல் கூடாது.

வேப்பரைசர் விஷயத்துக்கு வருவோம். உங்கள் பிரச்சினை குமரி மாவட்டத்துப் பிரச்சினை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் வடகிழக்கு, ஆக வருடத்தில் பாதி நாள் காற்றில் ஈரம் சொட்டும். சுற்றுக்காற்றின் சூட்டில் வேலை செய்யும் வேப்பரைசரில் அந்த ஈரமெல்லாம் ஐஸாகப் படிந்து, சூடு உள்ளே போகாமல் தடுக்கிறது. இரண்டாவது ஒன்று வைத்து மாற்றி மாற்றி ஓட்டுவதுதான் சரியான தீர்வு, ஒன்று ஓடும்போது மற்றதில் ஐஸ் உருகும். இதனால் கொள்ளளவு மாறாது, ஆனால் புதுக் குழாயும் புது வால்வுகளும் வருகின்றன, இரண்டு வால்வுக்கு நடுவே திரவம் சிக்கும் புது இடங்கள் வருகின்றன. ஆகவே ஒப்புதல் வேண்டும். விண்ணப்பத்தில் ஒவ்வொரு அடைபடும் துண்டுக்கும் திரவம் சூட்டில் விரிந்தால் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு எங்கே என்று குழாய் வரைபடத்தில் காட்டுங்கள். வேப்பரைசருக்குப் பின்னால் வெப்பநிலை அளவுக்குக் கீழே இறங்கினால் தானாக மூடும் வால்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐஸ் கட்டிய நிலையில் குளிர்ந்த கேஸ் கொதிகலன் பக்கத்துச் சாதாரணக் குழாய்க்குள் போவது அழுத்தம் இறங்குவதைவிட மோசம். வேப்பரைசர்மேல் சுடுதண்ணீர் ஊற்றி ஐஸ் கரைக்கிற பழக்கம் சில ஆலைகளில் இருக்கிறது. தரையெல்லாம் தண்ணீர் தேங்கும், அதை ஒரு ஏற்பாடாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஷெட் வேண்டாம். இதற்கு அனுமதி கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். எல்என்ஜி கசிந்தால் வரும் ஆவி முதலில் குளிர்ந்து கனமாகத் தரையோடு படரும், சுமார் மைனஸ் 110 டிகிரிக்கு மேல் சூடானதும் காற்றைவிட லேசாகி மேலே ஏறும். திறந்தவெளியில் இருந்தால் கலைந்துபோகும். கூரை போட்டால் அங்கே போய்த் தேங்கும், காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் இருந்தால் ஒரு பொறி போதும். டேங்க்கின் வெளிச்சுவர் மழைக்குத் தயாரித்ததுதான், அதை நனைய விடுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு மட்டும் மழைமறைப்பு போதும்.

இனி அந்த 12 சென்ட். நாலில் கடினமானது இதுதான். குமரி மாவட்டத்தில் இடம் என்றாலே நெருக்கடி, 2011 கணக்கெடுப்பில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். நம்ம ஊரில் தோப்பு, வீடு, குளம், சர்ச், கடை எல்லாம் அடுத்தடுத்து. பாதுகாப்பு இடைவெளியை அளக்கும்போது பக்கத்து நிலம் இன்றைக்குக் காலியாக இருப்பதை நம்பி எதையும் வைக்க முடியாது, உங்கள் எல்லைக்கோட்டிலிருந்துதான் கணக்கு. 12 சென்டில் டேங்கர் நிற்கவும், தேவைப்பட்டால் ரிவர்ஸ் எடுக்காமல் நேராக வெளியேறவும், மற்ற கட்டடங்களிலிருந்து இடைவெளி விடவும் முடிகிறதா என்று முதலில் தாளில் வரைந்து பாருங்கள். கொச்சி புதுவைப்பில் ஏற்றிக்கொண்டு களியக்காவிளை வழியாக வரும் டேங்கரின் ஓட்டுநரையே ஒரு தடவை கூட்டிவந்து இடத்தைக் காட்டுங்கள். வரைபடம் போடும் எந்த இன்ஜினியரையும்விட அவருக்குத் திருப்பம் தெரியும்.

அப்புறம் பத்திரம். 12 சென்ட் பழைய ஆலை இருக்கும் சர்வே எண்ணில் இல்லை என்றால் உரிமத்தில் உள்ள வளாகத்தின் எல்லையே மாறுகிறது, மாவட்ட நிர்வாகத்தின் தடையில்லாச் சான்று மறுபடி பேச்சுக்கு வரும். அது கோட்டாட்சியர், தாசில்தார், தீயணைப்புத் துறை, காவல்துறை என்று சுற்றி வரும் கோப்பு. பத்மநாபபுரம் கோட்டத்தில் இப்படிப் போகும் கோப்புகள் பெரும்பாலும் நிற்பது நிலத்தில்தான், எரிவாயுவில் இல்லை. 1956-க்கு முந்தைய திருவிதாங்கூர் காலத்துப் பத்திரம் மலையாளத்தில் இருக்கும், பட்டாவில் பேர் மாறாமல் கிடக்கும், நிலம் நஞ்சை என்று பதிவாகியிருக்கும், நடுவே பாசனக் கால்வாய் ஒன்று புறம்போக்காக ஓடும். மலையோரக் கிராமம் என்றால் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் வருகிறதா என்று பார்க்க வேண்டும், கடலோரம் என்றால் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் என்கிற ஒழுங்குமுறை மண்டலம். தக்கலைக்கு இரண்டாவது கவலை இல்லை, முதலாவதை வருவாய் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். இது எல்லாம் சரியான பிறகுதான் எரிவாயு வரைபடத்துக்குக் காசு செலவழிக்க வேண்டும், பலபேர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சிங்கிள் விண்டோ பற்றிக் கேட்டீர்கள். 2018-இன் தமிழ்நாடு தொழில் வசதியாக்கச் சட்டத்தின் கீழ் வந்த ஒற்றைச் சாளரம் உண்மையிலேயே உதவும், மாசுக்கட்டுப்பாட்டு வாரிய இசைவாணை, தீயணைப்பு, கட்டட வரைபடம் மாதிரி மாநில அரசின் அனுமதிகளுக்கு. பெசோ மத்திய அரசு அமைப்பு, தலைமையிடம் நாக்பூர், அதற்கு அதன் சொந்த இணையதளத்தில்தான் விண்ணப்பம். நாக்பூருக்கு ரயில் ஏற வேண்டியதில்லை, ஆனால் இரண்டு கணினித் திரையும் ஒன்றாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். எரிபொருள் மாற்றியபோது மாசுக்கட்டுப்பாட்டு இசைவாணையிலும் கொதிகலன் துறையிலும் அதைப் பதிந்தீர்களா என்பதையும் இந்தச் சாக்கில் சரிபார்த்துவிடுங்கள், பழைய இசைவாணையில் இன்னும் ஃபர்னஸ் ஆயில் என்று இருந்தால் அடுத்த ஆய்வில் அதுவே முதல் கேள்வி.

உங்களுக்கு அமெரிக்கப் பொது அனுமதிக்குக் கிட்டத்தட்ட சமமான ஒரு வழி இங்கேயே இருக்கிறது. வேலைகளைத் துண்டு துண்டாகக் கொடுக்காதீர்கள். அடுத்த நாலைந்து வருடத்தில் என்னென்ன வரலாம் என்று யோசித்து, இரண்டாவது வேப்பரைசர், புது அன்லோடிங் பாயிண்ட், எதிர்காலத்தில் இன்னொரு டேங்க் வைக்கிற எண்ணம் இருந்தால் அதற்கான இடம், எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் 'உத்தேசம்' என்று காட்டி ஒரே தடவையில் ஒப்புதல் கேளுங்கள். கட்டுவதைப் படிப்படியாகக் கட்டலாம். இடைவெளிகளை இன்றே ஒதுக்கிவிட்டால், நாளைக்கு இன்னொரு டேங்க் வைக்க நினைக்கும்போது நடுவே கேன்டீன் நிற்காது. டேங்க் கூட்டும்போது கொள்ளளவு மாறுவதால் தடையில்லாச் சான்று பொதுவாக மறுபடி தேவைப்படும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் வரைபடம் புதிதாகப் பிறக்க வேண்டியதில்லை.

வேப்பரைசர் மட்டும் அவசரம் என்றால் அதைத் தனியாக முன்னால் அனுப்பலாம், நிலத்தைத் தொடாத விண்ணப்பம் என்பதால் அது 12 சென்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். புது இடத்துக்கு ஒப்புதலும் திருத்திய உரிமமும் கைக்கு வரும்வரை டேங்கரைப் பழைய இடத்திலேயே இறக்குங்கள். அவசரத்துக்கு நீளமான ஹோஸ் போட்டு அந்தப் பக்கத்திலிருந்து இழுக்கலாமா என்று டேங்கர் ஆட்கள் கேட்பார்கள், கூடாது என்று சொல்லிவிடுங்கள்.