தாழ்ப்பாளுக்கு வெளியே நிற்பவள்

கேள்வி: வயது 34. பகலில் கணக்கு வேலை. நான்கு வருடமாக இரவுகளில் ஓர் அனிமேஷன் பூதக் காமெடி எழுதுகிறேன். சின்ன வயதில் வரைந்த பூதங்கள், வளர்ந்தபின் ஒருவனைத் தேடி வருவதுதான் கதை. சேர்ந்து எழுதும் நண்பன் நாயகனையே மாற்றச் சொல்கிறான். ‘மான்ஸ்டர்ஸ் இங்க்.’ படமும் முதலில் இப்படித்தான் இருந்ததாம். வியாபாரத்துக்காகத்தானே மாற்றினார்கள்? நான் விட்டுக்கொடுக்கலாமா? (ஐந்து வயது மகள் தட்டிக்கொண்டே இருப்பதால் அறையைத் தாழ் போட்டுக்கொண்டுதான் எழுத முடிகிறது.)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் உருப்படியான வரி அடைப்புக்குறிக்குள் கிடக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். அந்தப் படத்தின் இயக்குநர் பீட் டாக்டர் முதலில் யோசித்த நாயகனுக்கு முப்பது வயது, உங்களைப் போலவே கணக்கு எழுதுகிற மாதிரி ஒரு வேலை, அதில் வெறுப்பு. சிறுவயதில் அவன் வரைந்த படங்களை அம்மா கொண்டுவந்து கொடுக்கிறாள். அன்றிரவே பூதங்கள் வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் அவனுடைய பழைய பயம். ஒன்றை வென்றால் ஒன்று மறையும்.

இதில் என்ன குறை? அவனை நம்பி யாருமே இல்லை. தன் பயத்தைத் தானே தீர்த்துக்கொண்டு போகிறவனை நாம் எதற்காக ஒன்றரை மணி நேரம் பார்க்க வேண்டும்? குழந்தைகளைப் பயமுறுத்துவதையே தொழிலாகக் கொண்ட பூதங்களின் ஊருக்குக் கதை மாறியதும் ஒரு குழந்தை உள்ளே வந்தது. குழந்தையின் வயதும் ஒரே நாளில் முடிவாகவில்லை. ஆரம்பத்தில் ஏழெட்டு வயது, விவரம் தெரிந்த பெண். வயதைக் குறைக்கக் குறைக்க பூதத்தின் பொறுப்பு ஏறியது. கடைசியில் வாய்த்தது சரியாகப் பேசவே வராத ‘பூ’. (நம் காதில் பூவாகவே விழுகிறது, நல்லதுதான்.) நாயகப் பூதமான சல்லியும் ஒரு கட்டத்தில் துப்புரவுப் பணியாளன், இன்னொரு கட்டத்தில் ஆலைத் தொழிலாளி. பயமுறுத்துவதில் முதலிடம் பிடித்தவனாக அவனை ஆக்கிய பிறகுதான், குழந்தையைக் காப்பாற்றினால் பிழைப்பே போகும் என்ற நெருக்கடி வந்தது. அவன் தோழன் மைக்கோ 1998 ஏப்ரலில் நடந்த கதைக் கூட்டத்தில்தான் பிறந்தான். இதையா வியாபாரம் என்கிறீர்கள்?

இவ்வளவையும் மாற்ற முடிந்ததற்குக் காரணம், அப்போது பெரும்பாலும் எல்லாம் பென்சிலில் இருந்ததுதான். ஆரம்ப ஓவியங்களில் சல்லிக்கு கணவாயின் கைகள் போல நெளியும் கால்கள் உண்டு. பென்சில் கோட்டை ரப்பரால் அழித்தால் தீர்ந்தது. 23 லட்சத்துக்கும் மேற்பட்ட முடிகளோடு கணினியில் அவனைச் செய்து முடித்த பிறகு அப்படி அழிக்க முடியுமா? வண்ணம் தீட்டிய படத்தைக் கிழிக்க யாருக்கும் கை வராது. அதனால் நீங்கள் வண்ணத்தைத் தொடவே வேண்டாம். மூன்று காட்சிகளை எடுங்கள். இரண்டு நிமிடக் காட்சி ஒன்றுக்கு ஐம்பது பென்சில் படம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டரை விநாடி. உங்கள் குரலையே தற்காலிகமாகச் சேர்த்து, கதை தெரியாத ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். “எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், மரியாதைக்குப் பொய் சொல்வார்கள். எந்த இடத்தில் கை செல்போனுக்குப் போகிறது என்று பாருங்கள். முதல் காட்சி முடிந்ததும் நிறுத்தி, “இவனுக்கு இப்போ என்ன வேணும்?” என்று கேளுங்கள். ஐந்து பேரும் ஐந்து விதமாகச் சொன்னால் கோளாறு முதல் காட்சியில். கடைசிக் காட்சியைச் செதுக்கிப் பயனில்லை.

இனி அந்தத் தாழ்ப்பாள். பூவின் குரல், படத்தை எடுத்த பிக்ஸார் நிறுவனத்தின் கதைக் கலைஞர் ராப் கிப்ஸின் மகள் மேரியுடையது. அத்தனை சின்னக் குழந்தையை ஒலிப்பதிவு அறையில் நிற்கவைத்து வசனம் வாங்க முடியவில்லை. ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே அலைந்தார்கள். அவள் தன்பாட்டுக்குப் பேசியதும் சிணுங்கியதும்தான் படத்தில் இருக்கிறது. அங்கே பெரியவர்கள் குழந்தையின் பின்னால் ஓடினார்கள். இங்கே உங்கள் வாசலில் வந்து தட்டுகிறவளை வெளியே நிறுத்திவிட்டு, முப்பது வயதுக்காரனின் பயத்தை நான்கு வருடமாகத் தடவிக்கொண்டிருக்கிறீர்கள். பெற்ற பிள்ளையை “தொந்தரவு” என்று ஒதுக்குகிறவருக்குக் குழந்தைகள் படம் எழுத என்ன தகுதி? கோபம் வந்தால் வரட்டும்.

நண்பன் சொல்வது சரி, நாயகனை மாற்றுங்கள். அதற்கு முன் இன்று இரவே தாழ்ப்பாளின் திருகாணிகளைக் கழற்றிவிடுங்கள். மேசைக்குக் கீழே அவளுக்கு ஒரு கட்டுத் தாளும் நான்கு கிரேயானும் போடுங்கள். செல்போனில் அவள் பேச்சைப் பதிவுபோட்டுவிட்டு, அவளிடம் எதுவும் கேட்காமல் இருங்கள்.