எந்தப் பருவத்துக்கு எந்த சாகே? – கேள்வி பதில்

கேள்வி: லேபிளில் 'தைகின்ஜோ' என்று இருந்தால்தான் நல்ல சாகேயா?

பதில்: அப்படி இல்லை. சாகே என்பது அரிசியில் செய்யும் ஜப்பானிய மது. அந்த அரிசியை எவ்வளவு தீட்டினார்கள் என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. எடையில் 60 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ மிஞ்சும்படி தீட்டினால் கின்ஜோ, 50 சதவீதமோ அதற்கும் குறைவோ என்றால் தைகின்ஜோ. மேலடுக்கின் கொழுப்பும் புரதமும் போய்விடுவதால் பழ வாசனை தூக்கலாக வரும். தனியாக ருசிக்க அது அருமை. சாப்பாட்டோடு என்றால் என் கை முதலில் போவது சாதாரண ஜுன்மாய் பக்கம்தான். அதில் ஆல்கஹாலைத் தனியாகச் சேர்ப்பதில்லை, அரிசியின் சுவை நிறைவாக இருக்கும்.

கேள்வி: மட்டமான சாகேயைத்தான் சூடாக்கிக் குடிப்பார்களாமே?

பதில்: இந்த எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கிமோட்டோ, யமஹாய் என்ற பழைய முறைகளில் லாக்டிக் அமிலம் இயற்கையாகவே உருவாகும்படி விடுவார்கள். அந்தப் புளிப்பும் கனமும் சூட்டில்தான் மலரும். 40 டிகிரி என்றால் நுருகான், 50 என்றால் அட்சுகான். பீங்கான் குடுவையில் ஊற்றி, அடுப்பை அணைத்த வெந்நீரில் சில நிமிடம் வைத்தால் போதும், கொதிக்க விடாதீர்கள். தைகின்ஜோவை மட்டும் இவ்வளவு சூடாக்க வேண்டாம், வாசனை பறந்துவிடும். ருசி பழக வேண்டுமென்றால் ஒரே ஜுன்மாயை 10 டிகிரியிலும், அறை வெப்பத்திலும், 40 டிகிரியிலும் அடுத்தடுத்துக் குடித்துப் பாருங்கள். மூன்றும் வேறு வேறு சாகே போலவே இருக்கும்.

கேள்வி: அக்டோபரில் டோக்கியோ போகிறேன். என்ன கேட்டு வாங்கலாம்?

பதில்: யோசிக்கவே வேண்டாம், ஹியாஓரோஷி. குளிர்காலத்தில் தயாரித்து, வசந்தத்தில் கெடாமலிருக்க ஒருமுறை சூடுபடுத்தி, கோடை முழுக்கக் கிடங்கில் முதிரவிட்ட சாகே அது. புட்டியில் அடைக்கும்போது வழக்கமாகச் செய்யும் இரண்டாவது சூடுபடுத்தலைச் செய்யாமல் இலையுதிர் காலத்தில் விற்பனைக்கு விடுவார்கள். புதுச் சரக்கின் முரட்டுத்தனம் அடங்கி, வழவழப்பாக இறங்கும். உப்புப் போட்டுச் சுட்ட சன்மா மீனும் அதே பருவம்தான். மீனின் குடல் பகுதி லேசாகக் கசக்கும், அதை ஒதுக்காமல் துருவிய முள்ளங்கியோடு சாப்பிட்டு ஒரு வாய் ஹியாஓரோஷி குடியுங்கள். அந்தக் கசப்பே ருசியாகிவிடும். காளான் வகைகளும் நன்றாகச் சேரும்.

கேள்வி: மற்ற பருவங்களுக்கு?

பதில்: வசந்தத்தில் மூங்கில் குருத்தோடு அப்போதுதான் பிழிந்த ஷிபோரிதாதே. கோடையில் அயு என்ற ஆற்று மீனுக்கோ குளிர்ந்த டோஃபுவுக்கோ கொஞ்சம் ஆல்கஹால் சேர்த்துச் செய்யும் ஹொன்ஜோசோ சாகே, சில்லென்று. குளிர்காலத்தில் ஓடென் என்ற, முள்ளங்கியும் முட்டையும் சாறில் வேகவைத்த பண்டமும் சூடான கிமோட்டோவும்.

கேள்வி: மீனுக்கு வைனைவிட சாகே பொருந்தும் என்கிறார்கள். உண்மையா, வெறும் பழக்கமா?

பதில்: காரணம் இருக்கிறது. வைனில் உள்ள இரும்புச்சத்து மீன் கொழுப்போடு சேரும்போது கவிச்சி கிளம்பும். சாகேயில் இரும்பு மிகக் குறைவு. இரும்பு கலந்தால் நிறமும் சுவையும் கெடும் என்பதால் தயாரிப்பவர்கள் அதை அண்டவே விடுவதில்லை. கோபே அருகே நாதா வட்டாரம் பேர் வாங்கியதற்கு 1840இல் கண்டறிந்த மியாமிசு ஊற்று நீர் ஒரு பெரிய காரணம். தாது உப்பு நிறைய, இரும்பு மட்டும் மிகக் குறைவு. அப்புறம், சாகேயில் அமினோ அமிலங்கள் அதிகம், புளிப்பு குறைவு. அதனால் மீனின் சுவையை அமுக்காது.

கேள்வி: 'நாமா' என்று போட்ட புட்டியை அலமாரியில் வைக்கலாமா?

பதில்: கூடாது. அது தயாரிப்பில் கெடாமலிருக்கச் சூடுபடுத்தாத சாகே, வாங்கியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மற்றவற்றையும் வெயில் படாமல் வையுங்கள்.