சின்ன ஊரில், கூட்டுக் குடும்பத்தில், சீலியாக் என்ற குடல் நோய் உள்ள பிள்ளைக்குக் கோதுமை இல்லாமல் சாப்பாடு கொடுத்துச் சமாளிப்பது எப்படி?

உங்கள் மகனுக்கு 6 வயது, போன மாதம்தான் சீலியாக் என்று உறுதியானது, மாமியார் "கொஞ்சம் சாப்பிட்டா என்ன ஆயிடும்" என்கிறார், ஊரில் ஒருவருக்கும் இந்த நோயின் பெயர்கூடத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் நான்கு வருடத்துக்கு முன்னால் நாங்கள் இருந்த நிலைமை அப்படியே கண்முன் வந்துவிட்டது. என் மகளுக்கு இப்போது 11 வயது. 7 வயதில் தெரிய வந்தது. எங்களுக்கு கோவில்பட்டிப் பக்கம். மருத்துவத்துக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு, நான் சொல்லப்போவது அடுப்படி, பள்ளிக்கூடம், பந்தி பற்றித்தான்.

அவளுக்கு வயிறு மட்டும் உப்பியிருக்கும், கையும் காலும் குச்சி மாதிரி. வகுப்பில் எல்லாரையும்விடக் குள்ளம். இரண்டு வருடம் பூச்சி மருந்தும் இரும்புச்சத்து டானிக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தும் ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டவில்லை. பிள்ளை நோஞ்சானாக இருக்கிறாள் என்று பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் நம் ஊர் வழக்கப்படி ஹார்லிக்ஸும் பிரெட்டும் ரஸ்க்கும் வாங்கி வந்தார்கள். என் அம்மா தன் கையால் வறுத்துத் திரித்துக் கொடுத்த சத்துமாவில் சம்பா கோதுமையும் பார்லியும் இருந்தன. தேறட்டும் என்று அத்தனை பேரும் பாசமாக ஊட்டிய ஒவ்வொன்றும் அவள் குடலை அரித்துக்கொண்டிருந்திருக்கிறது, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கும்.

கடைசியில் மதுரையில் ஒரு குழந்தைகள் டாக்டர்தான் டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அளவு மிக அதிகமாக இருந்தது, அப்புறம் எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலில் சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். இது சாதாரண அலர்ஜி இல்லை, கோதுமை, பார்லி, ரை என்ற தானியம், இந்த மூன்றிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தக் குடலையே தாக்குகிறது என்று அவர்தான் விளக்கினார். சாப்பாட்டில் இருக்கும் இரும்பு பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கத்தில்தான் உறிஞ்சப்படுமாம், இந்த நோய் அதிகம் கெடுப்பதும் அந்த இடத்தைத்தான். டானிக் ஏன் பிடிக்கவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இங்கே யாருக்கும் ஏன் தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். 2016-இல் வந்த ஓர் ஆய்வில் இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு மூன்று பகுதிகளிலும் சேர்த்து 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்தார்கள். இந்த நோயின் அடையாளம் ரத்தத்தில் வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கு இருந்தது, தெற்கே நூற்றுக்கு 0.10, அதாவது ஆயிரத்தில் ஒருவர். இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது, சாப்பிடும் கோதுமைதான் வேறு. வடக்கே ஒரு நாளைக்கு 455 கிராம், தெற்கே வெறும் 25 கிராம். அதனால் நம் பக்கத்து டாக்டர்களுக்கு இது சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. ஆனால் ராத்திரி பரோட்டா, காலையில் சப்பாத்தி, பள்ளிக்கூடத்துக்கு பிஸ்கட் என்று இப்போது நாம் சாப்பிடுவதைப் பார்த்தால் அந்த 25 கிராம் அப்படியே நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். என் அத்தைக்குப் பேத்தி என்றால் உயிர். எனக்குத் தெரியாமல் ஒருநாள் ஒரு கரண்டி கேசரி கொடுத்திருக்கிறார். பிள்ளைக்கு வாந்தியும் இல்லை, வயிற்றாலேயும் போகவில்லை. "பாத்தியா, ஒண்ணும் செய்யல" என்றார். இந்த நோயில் இதுதான் பெரிய ஆபத்து. வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே குடல் புண்ணாகும். தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் போனாலே குடல் கெடுவதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பிரெட் துண்டில் சுமார் 2 கிராம் இருக்கும். அப்படியென்றால் அந்தத் துண்டை நாற்பதாகக் கிள்ளி அதில் ஒன்று. அத்தைக்கு மில்லிகிராம் கணக்கெல்லாம் ஏறவில்லை. அப்புறம் ஒருநாள் நெதர்லாந்து கதையைச் சொன்னேன். டிக்கே என்ற குழந்தைகள் டாக்டருக்கு 1930-களிலேயே கோதுமை மேல் சந்தேகம். 1944, 45-இல் போர்ப் பஞ்சம் வந்து அங்கே ரொட்டியே கிடைக்கவில்லை, ஊரே பட்டினி கிடக்கும்போது இந்த நோயுள்ள பிள்ளைகள் மட்டும் தேறினார்கள், ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்துவிட்டார்கள். அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "எங்க அம்மா வீட்டுல கோதும ஏதுட்டி? கம்மங்கஞ்சியும் குதிரவாலிச் சோறுந்தான தின்னு வளந்தோம்" என்றார்.

அன்றைக்குப் பிறகு அவரிடம் இதைக் கொடுக்காதீர்கள், அதைக் கொடுக்காதீர்கள் என்று சொல்வதையே விட்டுவிட்டேன். "அத்தை, கம்பு தோசை நீங்க சுட்டாத்தான் பாப்பா ரெண்டு தின்கா" என்றேன். இதில் நான் கற்றுக்கொண்டது இதுதான். பெரியவர்களுக்குப் பிள்ளைக்குக் கொடுக்க ஏதாவது கையில் இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லி வெறுங்கையோடு நிறுத்தினால் ஒளித்துக் கொடுப்பார்கள். என்ன கொடுக்கலாம் என்று சொன்னால் அவர்களே காவல் நிற்பார்கள். இன்றைக்கு யாராவது பிஸ்கட்டை நீட்டினால் முதலில் தடுப்பது அத்தைதான்.

கரிசல் காட்டில் இருப்பதால் எங்களுக்குக் கம்பு, சோளம், குதிரைவாலி எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கிறது. கேழ்வரகு, சாமை, தினை, வரகு எதிலும் குளூட்டன் கிடையாது. இட்லி, இடியாப்பம், புட்டு, ஆப்பம், அடை, கொழுக்கட்டை, பணியாரம் என்று நம் பலகாரத்தில் பெரும்பகுதி அரிசிதான், ரேஷன் அரிசியிலேயே இட்லி மாவு ஆட்டலாம். இணையத்தில் 400 ரூபாய்க்கு விற்கும் பொட்டலங்களை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நினைத்துப் பயப்படாதீர்கள், நாங்கள் வருடத்துக்கு இரண்டு தடவை கேக்குக்காக வாங்கினால் அதிகம்.

ஆனால் ஒரு வருடம் இவ்வளவும் செய்த பிறகும் டிடிஜி அளவு பாதிதான் இறங்கியிருந்தது. இறங்க மெதுவாகத்தான் ஆகும், இருந்தாலும் இது போதாது, எங்கேயோ உள்ளே போகிறது என்றார் டாக்டர். வீட்டில் கோதுமையே இல்லை, எங்கே போகும்? அழுதுவிட்டேன். அன்று ராத்திரி இவரும் நானும் அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு டப்பாவாக எடுத்துப் படித்தோம். பெருங்காய டப்பாவில் இருந்தது! கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மைதாவோ கோதுமை மாவோ சேர்க்கிறார்கள், கட்டியாக விற்பதிலும் சேர்ப்பதுண்டு. மூன்று வேளையும் சாம்பார், ரசம், மோர் என்று போட்டுக்கொண்டிருந்தோம். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது, லேபிளைப் படித்து அதை வாங்குங்கள், கிடைக்காவிட்டால் பெருங்காயமே வேண்டாம், பூண்டும் சீரகமும் போதும்.

இரண்டாவது ஓட்டை மாவு மில். ஒருவர் கோதுமை திரித்து முடித்ததும் அதே கல்லில் நம் பச்சரிசியைக் கொட்டுவார்கள், முன்னவர் மாவு கொஞ்சம் உள்ளே நின்று நம் மாவோடு வரும். மிளகாய்ப் பொடி, மல்லிப் பொடிக்கும் இதே கதைதான். மில் அண்ணாச்சி நல்ல மனுஷர், "காலைல மொத ஆளா வாங்கம்மா, கல்லத் தொடச்சுட்டுத் திரிச்சுத் தாரேன்" என்றார், ஆனால் துடைத்துப் போகிற காரியம் இல்லை அது. கொஞ்ச நாள் மிக்ஸியில் அரைத்துச் சலித்தேன், அப்புறம் சீட்டு எடுத்து வீட்டுக்கே ஒரு சின்ன மாவு மிஷின் வாங்கினோம். வேறு செலவைக் குறைத்தாவது இதைச் செய்யுங்கள் என்பேன். கடையில் வாங்கும் கம்பிலும் கேழ்வரகிலும் கோதுமை மணி கிடக்கும், முறத்தில் போட்டுப் புடைத்துப் பொறுக்கிவிட்டுக் கழுவி எடுங்கள். ராகி சேமியா என்று விற்பதில் பலவற்றில் கோதுமை மாவும் சேர்ந்திருக்கிறது, முன்பக்கப் படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். இந்த இரண்டு ஓட்டையையும் அடைத்து எட்டு மாதத்தில் அளவு சரியான இடத்துக்கு வந்தது, ஹீமோகுளோபின் 11.8.

வெளியே போனால் முதலில் வரும் சிக்கல், ரவையும் சேமியாவும் மைதாவும் கோதுமைதான் என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. மைதா மரவள்ளிக் கிழங்கில் எடுப்பது என்று என்னிடம் அடித்துப் பேசியவர்கள் உண்டு. அதனால் 'குளூட்டன்' என்ற வார்த்தையை நான் யாரிடமும் சொல்வதில்லை. "கோதுமை, மைதா, ரவை, சேமியா, பெருங்காயம், ஹார்லிக்ஸ், பூஸ்ட், இதில் எதுவும் கூடாது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். ஹோட்டலில் தோசை வாங்க மாட்டோம், அந்தக் கல்லில்தான் ரவா தோசையும் ஊற்றுகிறார்கள். வடையும் வேண்டாம், பூரி பொரித்த எண்ணெய். இட்லி வாங்கிக்கொண்டு வீட்டுப் பொடியைத் தொட்டுக்கொள்வாள்.

பள்ளிக்கூடத்தில் காலை உணவுத் திட்டத்தில் ரவை உப்புமா, சேமியா, கிச்சடி என்று வரும், அதனால் காலையில் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவாள். பிறந்தநாள் என்று பிள்ளைகள் பிஸ்கட்டும் கேக்கும் கொடுக்கும்போதுதான் முகம் வாடிவிடும். டீச்சரிடம் போய் ஒரு டப்பா நிறையக் கடலை மிட்டாய் கொடுத்து வைத்தேன். எங்கள் ஊர் மிட்டாய், கடலையும் வெல்லமும்தான். கேக் வரும் நாளில் டீச்சர் மேஜையிலிருந்து அவளுக்கு ஒன்று எடுத்துக் கொடுப்பார். இப்போது அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகள் பிறந்தநாளுக்குக் கடலை மிட்டாயே கொண்டுவருகிறார்கள், டீச்சர் இதைச் சொன்ன அன்று நான் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.

ஊர் ஊராகப் பலகாரம் வாங்கி வரும் சொந்தக்காரர்களுக்கும் இதே முறைதான். திருநெல்வேலியிலிருந்து வரும் மாமாவிடம் அல்வா வேண்டாம், அது கோதுமைப் பால் என்று சொல்வதோடு, வரும் வழியில் கருப்பட்டி மிட்டாய் வாங்கி வாங்க, அது அரிசியும் உளுந்தும்தானே, மைதா கலக்குகிறார்களா என்று மட்டும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள் என்பேன். தூத்துக்குடி அத்தைக்கு மக்ரூன், அதில் முட்டை வெள்ளைக்கரு, முந்திரி, சீனி. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போனால் பால்கோவா.

கல்யாணம்தான் கடைசி வரை கஷ்டமாக இருந்தது. தூக்குவாளியில் சோறு கொண்டுபோய் மண்டபத்தில் ஒரு மூலையில் உட்கார்த்தி ஊட்டிவிட்டு வருவேன், அவளுக்கு அது அவமானமாகப் போய்விட்டது. அப்புறம் பந்தியிலேயே உட்கார வைத்து, அவளுக்கும் இலை போட்டு, வெறுஞ்சோறு, தயிர், வாழைப்பழம் மட்டும் அங்கே வாங்கிக்கொண்டு, குழம்பை நாங்கள் கொண்டுபோனதிலிருந்து ஊற்றினோம். போன ஆவணியில் மைனி மகள் கல்யாணத்தில் முந்தின நாள் ராத்திரியே சமையல்காரரைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். அவர் சலித்துக்கொள்ளவே இல்லை. "சாம்பார்ல காயம் கடைசிலதான்மா போடுவோம், அதுக்கு முந்தி பிள்ளைக்கு ஒரு வாளி எடுத்து வச்சிருதேன், பொடி மட்டும் நீங்க குடுங்க" என்றார். சொன்ன மாதிரியே தனிக் கரண்டி போட்டு மூடி வைத்திருந்தார். நான்கு வருடத்தில் முதல் தடவையாக அவள் பந்தியில் எல்லாரோடும் சேர்ந்து சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டாள், இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள்.

உங்களுக்கு மகள் ஒருத்தியும் இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடப் பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் இது இருக்க வாய்ப்பு அதிகம், ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கலாம், தொந்தரவு ஒன்றும் இல்லாமலே இருக்கலாம். எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டோம், யாருக்கும் இல்லை. கோதுமையை நிறுத்திய பிறகு பார்த்தால் ரத்தத்தில் தெரியாமல் போய்விடும். அதனால் வீடு முழுக்க அரிசிக்கு மாறுவதற்கு முன்னால், இந்த வாரமே, அந்தப் பிள்ளைக்கும் உங்கள் இருவருக்கும் டிடிஜி எடுத்துவிடுங்கள்.