முத்திரை அல்பமும் சோடா வளையமும்: ஒரு கடிதம்

தம்பிக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் 'டிடெக்டரிஸ்ட்ஸ்' என்ற ஆங்கில நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரை நானும் இவரும் பார்க்கத் தொடங்கினோம். மூன்று பகுதி முடிந்துவிட்டது. இரண்டு ஆம்பிளைகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மண்ணுக்குள் உலோகம் தேடும் கருவியோடு வயல் வயலாக நடக்கிறார்கள். கிடைப்பது சோடா டின்னின் வளையம். பிறகு மரத்தடியில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறார்கள். இவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பே வரவில்லை.

இவர் தபால் முத்திரை சேர்க்கிற ஆள். 83 கலவரத்தில் வீட்டை விட்டு ஓடும்போது நான் நகைப்பெட்டியைத் தூக்கினேன், இவர் முத்திரை அல்பத்தைத் தூக்கினார். இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறேன். வேலைவெட்டி இல்லாத வெள்ளைக்காரன் மண்ணைக் கிண்டுவதில் அப்படி என்ன இருக்கிறது? அதுவும் மண்ணுக்குள் என்ன கிடக்கிறதோ என்று பயந்து வாழ்ந்த எங்கள் சனத்துக்கு?

– ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தெஹிவளை

அன்புள்ள அக்கா,

முதலில் நகைப்பெட்டி விஷயம். அதில் நான் உங்கள் பக்கம். எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் நகைப்பெட்டிதான் சரி.

ஆனால் அவர் ஏன் சிரிக்கிறார் என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். கருவி கீச்சிடுகிறது. ஒருவர் முழங்காலில் இருந்து, சின்னக் கரண்டியால் புல்லோடு சேர்த்து ஒரு துண்டு மண்ணைப் பெயர்த்து, அதைக் கையால் உதிர்த்துப் பார்க்கிறார். மற்றவர் வயலின் அந்தக் கரையிலிருந்து நடந்து வந்து, என்ன கிடைத்தது என்று கேட்கிறார். சோடா வளையம். உடனே அது எந்தக் காலத்து வளையம், என்ன சோடா என்று இருவரும் ஆராய்கிறார்கள், ஏதோ ரோமானிய மோதிரம் கிடைத்த மாதிரி. ஒருவர் முகத்திலும் கேலி இல்லை. உங்களுக்கு அது வெறும் குப்பை. உங்கள் கணவருக்கு அது தன் வீட்டு மேசை. கடித உறையிலிருந்து வெட்டிய முத்திரையைத் தண்ணீரில் ஊறவைத்து, கிழியாமல் வழுக்கி எடுத்து, கடதாசியில் முகங்குப்புறக் காயவைத்து, கடைசியில் சாமணத்தால் தூக்கிப் பார்த்தால் ஏற்கெனவே பத்து கிடக்கிற அதே முத்திரை! அந்த ஏமாற்றத்தை இவ்வளவு சரியாகப் படம்பிடித்த வேறொரு நகைச்சுவையை அவர் பார்த்திருக்க மாட்டார். அவர் சிரிப்பது அந்த இரண்டு பேரையும் பார்த்து என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ அவர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று படுகிறது.

நம்முடைய நாடகத்திலும் சினிமாவிலும் இப்படி ஒரு ஆளைக் காட்டினால் எப்படிக் காட்டுவார்கள்? தடித்த கண்ணாடி, கழுத்துவரை பூட்டிய சேர்ட், பெண்ணைப் பார்த்தால் திக்குவாய். ஒரு காட்சிக்கு வந்து அடிவாங்கிக்கொண்டு போவார். மெக்கென்சி குரூக் அந்த வழிக்கே போகவில்லை. எல்லாப் பகுதிகளையும் எழுதி இயக்கியவரும் அவர், ஒல்லியான ஆண்டியாக நடிப்பவரும் அவர். கூட நடக்கும் லான்ஸாக டோபி ஜோன்ஸ். அவர்களுடைய கழகத் தலைவருக்குப் பழைய பொத்தான்களில் பிரியம். அதை வைத்துச் சிரிக்கவும் வைக்கிறார்கள், பொத்தானில் அப்படியென்ன இருக்கிறது என்று நம்மையும் ஒரு கணம் குனிந்து பார்க்க வைக்கிறார்கள். இந்தத் தொடரை 'மென்மையானது' என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். அந்த மென்மை தானாக வந்ததில்லை. தெரியாத ஆளைக் கேலி செய்வது லேசு. அடிமுடி தெரிந்த ஆளைக் கேலி செய்யப்போனால் கேலி பாதியிலேயே பாசமாகிவிடும். குரூக்குக்கு இந்த ஆக்களின் அடிமுடி தெரியும்.

அப்புறம் அந்த மரத்தடித் தேத்தண்ணி. ஒன்றும் நடக்காத இடம் என்று நீங்கள் நினைத்த அங்கேதான் எனக்கு எல்லாம் நடக்கிறது. நேற்று ராத்திரி டிவியில் பார்த்த 'யுனிவர்சிட்டி சலெஞ்' வினாவிடைப் போட்டியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு நடுவில் லான்ஸ் தன்னை விட்டுப்போன மனைவியைப் பற்றி ஒரு வரி சொல்லுவார். ஆண்டி அதற்குப் பதில் சொல்ல மாட்டார், ஆனால் கேட்டுக்கொள்வார். பிறகு மறுபடி வினாவிடை. வெள்ளவத்தையில் ரயில் பாதையோரம் பின்னேரத்தில் நடக்கிற நம் ஓய்வுபெற்ற ஆம்பிளைகளைக் கவனித்திருப்பீர்கள். சீனி வருத்தம், கிரிக்கெட், மகனின் கனடா விசா. பெரிய விஷயம் ஏதாவது சொல்வதென்றால் கடலைப் பார்த்துக்கொண்டுதான் சொல்லுவார்கள், பக்கத்தில் நடப்பவரின் முகத்தைப் பார்த்து அல்ல. ஆண்டிக்கும் லான்ஸுக்கும் கடலுக்குப் பதில் நிலம். அந்தக் கருவி இல்லாவிட்டால் இவர்கள் இரண்டு பேரும் எந்தச் சாக்கில் சந்திப்பார்கள்? நம்மூரிலும் ஆம்பிளைகள் சும்மா சந்திக்க முடியாது. கோயில், கட்சி, பழைய மாணவர் சங்கம், செத்த வீடு என்று ஏதாவது ஒன்று வேண்டும்.

ஆண்டியின் துணைவி பெக்கியைக் கவனியுங்கள், அவளும் உங்களைப் போல ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நன்றாகக் கிண்டல் பண்ணுவாள், ஆனால் ஆண்டியின் வேலையில்லாத நாட்களில் வீட்டைக் கொண்டு நடத்துபவளும் அவள்தான். அவளுடைய தாயாக வருபவர் டயானா ரிக். பெக்கியாக நடிக்கும் ரேச்சல் ஸ்டெர்லிங் உண்மையிலேயே அவருடைய மகள். தாயும் மகளும் ஒரு மேசையில் இருந்து மெல்லக் குத்திக்கொள்ளும் காட்சிகள் வந்தால் எழும்பிப் போகாதீர்கள். மறுபக்கம், சைமன், கார்ஃபங்கல் பாடகர்களின் சாயலில் இரண்டு போட்டிக்காரர்கள் வருவார்களே, அந்தப் பகிடியைக் கொஞ்சம் முன்னரே நிறுத்தியிருக்கலாம். எல்லாமே தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை.

இங்கிலாந்தில் காணிக்காரரிடம் அனுமதி வாங்கினால், பாதுகாக்கப்பட்ட இடங்கள் தவிர, யாரும் கருவியோடு இறங்கலாம். 1996இல் வந்த புதையல் சட்டத்தின்படி 300 வருடத்துக்கு மேற்பட்ட தங்கம், வெள்ளிப் பொருட்கள் அகப்பட்டால் அறிவிக்க வேண்டும். மரண விசாரணை நடத்துகிற அதே கொரோனர்தான் புதையலையும் விசாரிப்பார். அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் வரும் வெகுமதியை வழக்கமாகக் காணிக்காரரும் கண்டெடுத்தவரும் பாதிபாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். கதை நடப்பது எசெக்ஸில், படம் பிடித்தது பக்கத்து மாவட்டமான சஃபோக்கில். 1939இல் சட்டன் ஹூவில் ஆங்கிலோ சாக்சன் கப்பல் புதையல் தோண்டி எடுக்கப்பட்டதும் அந்தச் சஃபோக்கில்தான். 1992இல் அங்கே ஹொக்ஸ்ன் என்ற ஊரில், விவசாயி ஒருவர் தொலைத்த சுத்தியலைத் தேடிக் கொடுக்கப் போனார் எரிக் லோஸ். கிடைத்தது ஏறக்குறைய 15,000 ரோமானிய நாணயங்கள். மேலாகக் கிடந்ததை எடுத்ததும் நிறுத்திவிட்டு, ஆய்வாளர்கள் வந்து ஒழுங்காகத் தோண்டட்டும் என்று சொல்லியனுப்பினார். சுத்தியலும் கிடைத்தது. அதையும் பிரித்தானிய அருங்காட்சியகம் எடுத்து வைத்திருக்கிறது.

இதை இங்கே வைத்துப் பாருங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இல்லாமல் பழம்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். அந்தச் சட்டத்தில் பிழை இருப்பதாக நான் நினைக்கவில்லை. நம்மூர்ப் பத்திரிகையில் 'புதையல் தோண்டியவர்கள் கைது' என்று வரும் செய்தியில் பூசாரி இருப்பார், பூசைப் பொருட்கள் இருக்கும், உடைந்துபோன ஒரு பழங்கட்டடமும் இருக்கும். ஆண்டியும் லான்ஸும் இருக்க மாட்டார்கள். அந்தக் கருவியையும் நாம் வேறு விதமாகத்தான் அறிந்திருக்கிறோம். கொழும்பில் அது சோதனைச் சாவடியில் நம் உடம்பைத் தடவிய தடி. வடக்கே முகமாலையில் அது முகக்கவசம் போட்ட பெண்கள் கண்ணிவெடி தேடி வெயிலில் குந்தியிருந்து ஒவ்வொரு முழமாக நகர்த்தியது. அங்கே கருவி கத்தினால் யாரும் ஓடிவந்து என்ன கிடைத்தது என்று கேட்பதில்லை.

ஆகவே நீங்கள் சொல்வது சரி. அது வசதி படைத்த மண்ணில் மட்டும் எடுக்கக்கூடிய தொடர். நான் அதைப் பார்ப்பதும் அதற்காகத்தான். ஆங்கிலக் கிராமத்து ஓக் மரத்தின் மேல் எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. தோண்டினால் வரக்கூடிய ஆக மோசமான பொருள் ஒரு சோடா வளையம் என்று நம்பி ஒருவன் முழங்காலில் இருக்கிறானே, அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கிறது. பகை ஒன்றும் இல்லாத பொறாமை. முகமாலையிலும் ஒருநாள் யாராவது ஒரு வளையத்துக்காக இப்படி மினக்கெட வேண்டும் என்றும் தோன்றுகிறது. தொடரும் மண்ணுக்குள் கிடப்பவர்களை மறந்துவிடவில்லை. மூன்றாவது தொடரில் ஆண்டிக்கு ஒரு பழைய ஊதல் கிடைக்கிறது. அதை ஊதுகிறான். பிறகு வருகிற இரண்டு நிமிடம் நகைச்சுவையே இல்லை. அது என்னவென்று சொல்லிவிட்டு உங்கள் கணவரிடம் ஏச்சு வாங்க நான் தயாரில்லை.

இதே போன்ற தொடரை இங்கே எடுப்பதென்றால் முத்திரைக்காரர்களை வைத்துத்தான் எடுக்க வேண்டும். இலங்கையின் முதல் முத்திரை வந்தது 1857 ஏப்ரல் முதலாம் திகதி, விக்டோரியா மகாராணி தலையோடு ஆறு பென்ஸ். 1859இல் வந்த மங்கிய ரோஸ் நிற நான்கு பென்ஸ் முத்திரைதான் இலங்கை முத்திரை சேர்ப்பவர்களின் தங்கப் புதையல். சாதாரண ஆளுக்கு அது அகப்படப் போவதில்லை. ஆனாலும் யாராவது வீடு காலி பண்ணும்போது பழைய கடிதக்கட்டு ஒன்று வெளியே வந்தால் உங்கள் கணவரின் கை அந்தப் பக்கம் போகும். ஒருநாள் கேட்டுப் பாருங்கள், இந்தக் கனவு இருக்கிறதா என்று. இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

2014இல் தொடங்கி 2017 வரை மூன்று தொடர்கள், ஒவ்வொன்றும் ஆறு பகுதி, ஒரு பகுதி அரை மணித்தியாலம். இடையில் 2015இலும், எல்லாம் முடிந்து 2022இலும் நத்தார்ச் சிறப்புப் பகுதிகள். ஒரே இரவில் நாலைந்து பார்க்க வேண்டாம், அது உண்மையிலேயே சலிக்கும். முதல் தொடரின் ஆறாவது பகுதிவரை மட்டும் பொறுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், மிச்சத்தை அவர் தனியாகப் பார்த்துக்கொள்வார்.