இரட்டைக் குவேசாரின் இரு புள்ளிகளும் ஏன் சேர்ந்து மங்குவதில்லை?

வணக்கம். சப்தரிஷி மண்டலத்து இரட்டைக் குவேசாரை ஆறு மாதமாகப் படமெடுத்திருக்கிறீர்கள். குவேசார் என்பது வெகு தொலைவில் பளீரென்று ஒளிரும் ஒரு கேலக்சியின் (நட்சத்திரத் திரளின்) மையம். ஒரே குவேசாரின் இரு பிம்பங்கள் என்றால், ஏ, பி என்று அழைக்கப்படும் அந்த இரு புள்ளிகளின் பிரகாசமும் ஒன்றாக ஏறி இறங்க வேண்டாமா என்பது உங்கள் கேள்வி. நல்ல கேள்வி. இரண்டும் மங்கும், ஆனால் ஒரே நாளில் மங்காது.

குவேசாருக்கும் நமக்கும் நடுவிலுள்ள வேறொரு கேலக்சி தன் ஈர்ப்பால் ஒளியை லென்சு போல வளைப்பதால் இரு பாதைகளின் நீளமும் வேறு. அதோடு பி-யின் ஒளி கேலக்சி மையத்துக்கு நெருக்கமாக வருவதால் ஈர்ப்பு அதைக் கூடுதலாகத் தாமதப்படுத்துகிறது. மொத்தம் சுமார் 417 நாள். 1994 டிசம்பரில் ஏ சட்டென்று மங்கியது. அதே சரிவு 1996 பிப்ரவரியில், கணித்தபடியே, பி-யில் வந்து சேர்ந்தது. எனக்கு இன்றும் புல்லரிக்கும் விஷயம் இது.

ஆகவே இன்றைய பி-யைப் பதினான்கு மாதத்துக்கு முந்தைய ஏ-யோடு ஒப்பிடுங்கள். ஆறு மாதத் தரவு போதாது. இன்னும் இரண்டு வருஷமாவது விடாமல் எடுங்கள். அப்போதும் அச்சாகப் பொருந்தாது. கேலக்சியிலுள்ள தனி நட்சத்திரங்களும் குட்டி லென்சுகளாகி ஒளியைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும்.

அப்புறம், இரண்டுக்கும் இடைவெளி 6 ஆர்க்செகண்ட்தான் (ஓர் ஆர்க்செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு). பி-யில் கேலக்சியின் ஒளியும் கலந்துவிடும். காற்று கலங்கிய இரவுகளின் படங்களைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.