ட்ரோபோனின் ஒருமுறை நெகட்டிவ் வந்தால் போதாது

காலையில் நெஞ்சுவலி வந்த அப்பாவுக்கு, மாரடைப்பைக் கண்டறிய எடுக்கும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் வந்ததால் வீட்டிலேயே வைத்திருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அந்த ஒரு நெகட்டிவை நம்பி அப்பாவை வீட்டில் வைத்திருக்காதீர்கள். சாயங்காலம் திரும்பவும் நெஞ்சு அழுத்துகிறது என்கிறீர்களே, 108-ஐ அழைத்து, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு இப்போதே கிளம்புங்கள். மீதியைப் போகும் வழியில் படிக்கலாம்.

காலை 5 மணிக்கு வலி, 6 மணிக்குக் குளச்சலில் ரத்தம் எடுத்தார்கள் என்கிறீர்கள். நெகட்டிவ் வர அதுதான் காரணமாக இருக்கும். இதயத் தசை சேதமானால் அதிலுள்ள ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியும்; ஆனால் சாதாரணப் பரிசோதனையில் தெரியுமளவுக்கு ஏற 3 முதல் 6 மணி நேரம் ஆகலாம். அதனால்தான் இடைவெளி விட்டு மறுபடி எடுத்து, எண் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள்.

ரிப்போர்ட்டைப் பாருங்கள். எண்ணே இல்லாமல் வெறும் ‘நெகட்டிவ்’ என்றிருந்தால் அது பெரும்பாலும் கார்டு டெஸ்ட், அதாவது சின்ன அட்டையில் ரத்தம் விட்டு கோடு தெரிகிறதா என்று பார்ப்பது. குறைந்த அளவை அது தவறவிடும். அந்தத் தாளையும் ஈசிஜியையும் கையோடு கொண்டுபோங்கள். வலி தொடங்கிய நேரத்தை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

மறுபரிசோதனை நார்மல் என்றாலும் ரத்தக்குழாயில் அடைப்பே இல்லை என்று அர்த்தமில்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மாரடைப்பு இல்லாமலும் ட்ரோபோனின் அளவு கூடியிருக்கலாம்; அப்பாவுக்கு அது உண்டென்றால் சொல்லிவிடுங்கள். அப்புறம், தயவுசெய்து பைக்கில் கூட்டிப்போக வேண்டாம்.