புகழ்பெற்ற ராக், புளூஸ் கிடார் கலைஞர்களை நேரில் பார்த்திருக்கிறீர்களா? யூடியூபில் கிடைக்காத எது அங்கே கிடைத்தது?

சிலரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்குச் சரியான ஆள், அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த புளூஸ் இசையின் கிடார் கலைஞர் பட்டி கய்தான். பெயர் பழக்கமில்லாதவர்களுக்கு: 2025இல் வந்த ‘சின்னர்ஸ்’ படத்தில், கடைசியில் பெயர்கள் ஓட ஆரம்பித்த பிறகு வயதான கிடார் கலைஞர் ஒருவர் வருவாரே, அவர். 1936இல் லூசியானாவில் ஒரு குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, 1957இல் பிழைப்புத் தேடி சிகாகோ வந்தவர். எரிக் கிளாப்டன் முதல் ஸ்டீவி ரே வான் வரை பெரிய கிடார் கலைஞர்கள் பலரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவர்.

யூடியூபிலேயே கொட்டிக் கிடக்கிறதே, போதாதா என்றால், மற்றவர்கள் விஷயத்தில் போதும் என்றுகூடச் சொல்வேன். இவர் விஷயத்தில் போதாது. அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1960களில் இவர் சிகாகோவின் செஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் இருந்தார். கிளப்புகளில் ஆம்ப்ளிஃபையரை முழுக்கத் திருகிவிட்டு ஃபீட்பேக் (ஸ்பீக்கர் சத்தம் கிடாரிலேயே திரும்பப் புகுந்து எழும் ஊளை) அலற அலற வாசிப்பவரை, ஸ்டுடியோவுக்குள் வந்தால் அடக்கி வாசிக்கச் சொல்வார்கள். நிறுவனத்தை நடத்திய லெனர்ட் செஸ்ஸுக்கு அது வெறும் இரைச்சல். மட்டி வாட்டர்ஸ் போன்ற புளூஸ் பாடகர்களுக்குப் பின்னால் வாசிக்கிற ஆளாகத்தான் பெரும்பாலும் வைத்திருந்தார்கள். பிறகு கிளாப்டனின் ‘கிரீம்’ ராக் குழுவும் கிடார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் அதே இரைச்சலை வைத்து உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கியபோது, செஸ் இவரைக் கூப்பிட்டுக் குனிந்து நின்று, “என்னை ஒரு உதை விடு” என்றாராம். பட்டி கய் பல பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொன்ன கதை இது. ஆக, இளமையில் அவர் மேடையில் செய்தது அன்றைய இசைத்தட்டுகளில் பாதிகூட இல்லை. 1991க்குப் பிறகு வந்த ஆல்பங்கள் பரவாயில்லை, கிராமி விருதெல்லாம் வந்தது. இருந்தாலும் மேடைதான் அவர் இடம்.

சிகாகோவில் தெற்கு வபாஷ் அவென்யூவில் ‘பட்டி கய்ஸ் லெஜண்ட்ஸ்’ என்று அவருக்குச் சொந்தமான கிளப் இருக்கிறது. 1989இல் தொடங்கியது. ஆண்டு முழுக்க யார் யாரோ வாசிப்பார்கள். ஜனவரியில் மட்டும் அவரே தொடர்ந்து பல இரவுகள் வாசிப்பார். சிகாகோ ஜனவரி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் போனது 2019 ஜனவரியில், நண்பர் ஒருவருடன். முதலில் வருபவருக்கே நாற்காலி என்பதால் சீக்கிரமே போய், கம்போ சூப்பும் பொரித்த மீனும் சாப்பிட்டுக்கொண்டு சாயங்காலம் முழுக்க மேஜையைக் காவல் காத்தோம்.

அவருக்கு அப்போது 82 வயது. போல்கா டாட் சட்டை, அதே புள்ளி போட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடார். முதல் பாட்டு காதைக் கிழித்தது. அதைவிட என்னைப் பிடித்து உட்கார வைத்தது இரண்டாவது பாட்டு. நடுவில் வலது கைச் சுண்டுவிரலால் வால்யூம் குமிழை மெதுவாகக் குறைத்துக்கொண்டே போனார். பின்னால் இருந்த குழுவும் கூடவே இறங்கியது. கடைசியில் மைக்கை விட்டு விலகி வெறும் குரலில் பாடினார். பார் பக்கம் யாரோ சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். பாட்டை நிறுத்திவிட்டு ஒரு திட்டு திட்டினார் பாருங்கள், இங்கே எழுத முடியாது. கடை மொத்தமும் சிரித்தது. அடுத்த நொடியே கிடார் இடி மாதிரி இறங்கியது. இதை போனில் எடுத்த வீடியோவில் கேட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சத்தமாகத்தான் இருக்கும். போனின் மைக் சின்னதைப் பெரிதாக்கும், பெரியதை நசுக்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் அவருடைய வித்தையில் பாதி.

அப்புறம் மேடையை விட்டு இறங்கினார். இது அவர் வழக்கம். சிறு வயதில் கிடார் ஸ்லிம் என்பவர் நீளமான வயரை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்து வாசித்ததைப் பார்த்து மயங்கியவர் இவர். இப்போது வயர்லெஸ், அதனால் தடையே இல்லை. எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது ஒரு வேடிக்கை நடந்தது. மனிதர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார், சத்தம் மட்டும் தள்ளி மேடையில் இருந்து வருகிறது. அவரிடமிருந்து வருவது, கிடாரை மீட்டும் சின்னத் தகடான ‘பிக்’ கம்பியில் படும் மெல்லிய ‘டிக் டிக்’ மட்டுமே. கம்பியை மேல்நோக்கித் தள்ளும்போது அது அடுத்த இரண்டு கம்பிகளையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தேன். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் கொடுப்பது போலத்தான், ஆனால் இங்கே மூன்று விரல் சேர்ந்து முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பக்கத்து மேஜைப் பாட்டியிடம் கிடாரை நீட்டி, “நீ தட்டு” என்பது போலச் சைகை செய்தார். அந்தம்மா கம்பிகளைத் தட்டத் தட்ட, இவர் இடது கையால் மட்டும் சுரங்களைப் பிடித்துக்கொண்டே போனார். பாட்டிக்கு முகமெல்லாம் பல்.

குறையும் உண்டு. ஒரு பாட்டையும் முழுசாக முடிக்க மாட்டார். பழைய புளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கர் மாதிரி இரண்டு வரி, உடனே கிளாப்டன் மாதிரி கொஞ்சம், நடுவில் பேச்சு. கூட வந்த நண்பர், “இது கச்சேரியா, சாம்பிள் பாக்கெட்டா?” என்று கடுப்பானார். டிரம் குச்சியால் கிடாரை அடிப்பது, துண்டால் தேய்ப்பது எல்லாம் எனக்கும் சர்க்கஸாகத்தான் பட்டது. ஆனால் அந்தப் பேச்சை விட மனசு வராது. சிகாகோ வந்த புதிதில் பட்டினி கிடந்தபோது மட்டி வாட்டர்ஸ் காரில் உட்கார வைத்துச் சாண்ட்விச் கொடுத்த கதையை வேறு யார் வாயால் கேட்க முடியும்?

2023இல் விடைபெறும் சுற்றுப்பயணம் என்று அறிவித்துக் கிளம்பினார். மும்பையில் மஹிந்திரா புளூஸ் விழாவுக்கு அவர் வந்தபோது இங்கே சிலர் பார்த்திருக்கலாம், பின்னூட்டத்தில் எழுதுங்கள். இனிமேல் அவரைப் பார்ப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அந்த வரிசையில் அடுத்து யாரைப் பார்க்கலாம் என்று கேட்டால், மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேலில் 1999இல் பிறந்த புளூஸ் கிடார் கலைஞர் கிறிஸ்டோன் ‘கிங்ஃபிஷ்’ இங்ராம். 2019இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தில் பட்டி கய்யும் ஒரு பாட்டில் சேர்ந்து வாசித்திருக்கிறார். கிங்ஃபிஷுக்கும் கூட்டத்துக்குள் இறங்கும் பழக்கம் உண்டு, அதனால் டிக்கெட் எடுக்கும்போது முன்வரிசைக்கு அடித்துக்கொள்ளாமல் நடைபாதை ஓரத்து சீட்டாகப் பார்த்து எடுங்கள்.